இருநூறு ஜிபி காலியாக இருக்க, இடமில்லை என்பது ஏன்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. வீடு அழகர்கோவிலில். மலைமேல் நூபுர கங்கை எந்தக் கோடையிலும் வற்றாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் 'முன்னைப் போல மழை இல்லை' என்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டுத்தான் பார்ப்போமே என்று, இந்திய வானிலைத் துறையின் தினசரி மழைத் தரவை 1901-லிருந்து ஆண்டுவாரியாக இறக்கி வைத்தேன். கணினி என்று வீட்டில் இருப்பது, என் மகனுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினிதான்: 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7. அதில் 'ஆர்' என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருளைப் போட்டேன். புதிய பதிப்பு ஏறவில்லை. மகன் பழைய பதிப்பொன்றைத் தேடித் தந்தான். ஒவ்வோர் ஆண்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் ஓரிடத்தில் 'கேனாட் அலோகேட் வெக்டர் ஆஃப் சைஸ் 388.2 எம்பி' என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஹார்ட் டிஸ்கில் 200 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்கிறது. பிறகு எப்படி இடமில்லை என்கிறது? மதுரையில் கடைக்காரர், "புராசஸர் பழசும்மா, வைரஸும் இருக்கும், புதுசா வாங்கிடுங்க" என்கிறார். இப்போதெல்லாம் ஆரைத் திறப்பதற்கே பல நிமிடம் ஆகிறது. 'அழகர்கோவில்' என்று தமிழில் பெயர் கொடுத்தால் ஏதோ குறியீடுகள் வருகின்றன. ஓர் ஆண்டுக்கு மட்டும் சராசரி போட்டுப் பார்த்தேன். மைனஸ் எழுநூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர் என்கிறது! இந்தக் கணினியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

— ஓய்வுபெற்ற ஆசிரியை, அழகர்கோவில்

பதில்: டீச்சர், தூக்கிப் போட வேண்டாம். புதிது வாங்கவும் வேண்டாம். மைனஸில் மழை பெய்யும் ஊர் எது என்று எனக்கும் பார்க்க ஆசைதான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில், நின்றுபோகிற விஷயம்.

கடைக்காரர் சொன்ன இரண்டையும் தள்ளி வைத்துவிடலாம். புராசஸர் பழையதாக இருந்தால் வேலை மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். இன்றைக்கு ஒரு நிமிடத்தில் முடிகிற கணக்கு அதில் ஏழெட்டு நிமிடம் எடுக்கலாம். 'முடியாது' என்று மறுக்காது. வைரஸ் இருந்தால் வேறு பல தொல்லைகள் வரும், 388.2 என்று தசமப் புள்ளிவரை கணக்காகச் சொல்கிற வைரஸ் எதுவும் இல்லை. அந்த எண்ணை வீணாக அச்சிடவில்லை ஆர். உங்கள் கணினி எந்த இடத்தில், எந்த வேலையில் திணறியது என்பதற்கு அதுதான் தடயம். கொஞ்சம் பொறுங்கள், அதை வைத்தே நீங்கள் எந்த ஆண்டில் மாட்டிக்கொண்டீர்கள் என்று சொல்லிவிடலாம்.

அதற்கு முன் 200 ஜிபி விவகாரம். இந்தக் கேள்வி கேட்காதவர்களே இல்லை. கணினியில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க் என்பது சேமிப்பு. மின்சாரம் போனாலும் அதில் உள்ளது அப்படியே இருக்கும். ரேம் என்பது வேலை நடக்கிற நினைவகம்; கணினியை அணைத்தால் அதில் உள்ளது அழிந்துவிடும். குதிரில் எத்தனை மூட்டை நெல் இருந்தாலும், களத்தில் பரப்பிக் காயவைக்க முடிந்த அளவுதானே அன்றைக்கு வேலை ஆகும்? ஆர் தன் கணக்கு முழுவதையும் களத்தில், அதாவது ரேமில், வைத்தே செய்கிறது. அது கேட்பது களத்தில் இடம். நீங்கள் காட்டுவது காலிக் குதிர்.

எல்லாப் புள்ளியியல் மென்பொருளும் இப்படியல்ல. 1960-களிலும் 70-களிலும் பிறந்த சாஸ், எஸ்பிஎஸ்எஸ் போன்றவை, நினைவகம் தங்க விலை விற்ற காலத்தவை. எனவே வட்டிலிருந்து ஒரு வரியைப் படிப்பது, கணக்கில் சேர்ப்பது, விட்டுவிடுவது, அடுத்த வரி என்று சிக்கனமாக வளர்ந்தன. ஆர் பிறந்தது 1990-களின் தொடக்கத்தில், நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில். ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் உருவாக்கியது. வகுப்பில் கையாளும் அளவுத் தரவு, கேட்டவுடன் விடை, மாணவன் மேலும் கீழும் புரட்டிப் பார்க்க வசதி: இவைதாம் அவர்களுக்கு முக்கியம். எல்லாவற்றையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டால்தான் அந்த வசதி கிடைக்கும். ஒரு வகுப்பறைக் கருவியிடம் நீங்கள் இந்தியா முழுவதன் மழையையும் கொடுத்திருக்கிறீர்கள். அது ஏழு வருடம் தாங்கியதே பெரிது.

ஏழு வருடம் என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? வானிலைத் துறையின் அந்தத் தரவு, இந்தியாவின் மேல் கால் டிகிரிக்கு ஒரு கோடாகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் நாளொன்றுக்கு ஒரு மழை அளவு தருவது. கிழக்கு மேற்காக 135 கட்டம், தெற்கு வடக்காக 129. பெருக்கினால் 17,415. இது ஒரு நாளுக்கு. 1901-லிருந்து 1908 முடிய, 1904, 1908 என்ற இரண்டு லீப் ஆண்டுகளையும் சேர்த்தால், 2,922 நாள். 17,415-ஐ 2,922-ஆல் பெருக்கினால் 5,08,86,630 எண்கள். ஆரில் தசம எண் ஒவ்வொன்றும் 8 பைட் இடம் பிடிக்கும் (பைட் என்பது நினைவக அளவின் சின்ன அலகு). ஆக 40,70,93,040 பைட். ஒரு எம்பிக்கு 10,48,576 பைட் என்று வகுத்துப் பாருங்கள்: 388.2. நீங்கள் 1908-ஆம் ஆண்டைச் சேர்க்கும்போது நின்றிருக்கிறது. சரிதானே?

இங்கே இன்னொரு சந்தேகம் வரும். ஓர் ஆண்டுக் கோப்பு வட்டில் 25 எம்பி அளவுதான். எட்டுக் கோப்பும் சேர்த்து 200 எம்பியைத் தொட்டிருக்கும். அது எப்படி 388 ஆனது? கோப்பில் ஒவ்வோர் எண்ணும் 4 பைட்டில் சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆருக்கு அந்தச் சுருக்க வடிவம் கிடையாது. உள்ளே வாங்கும்போதே 8 பைட்டாக விரித்துவிடும். கோப்பின் அளவைப் பார்த்து 'இது தாங்கும்' என்று கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் சறுக்குகிற இடம் இது.

சரி, 388 எம்பி என்றாலும் 2 ஜிபி ரேமில் அது ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லையே என்று நீங்கள் விடமாட்டீர்கள். இங்கேதான் உண்மையான காரணம் இருக்கிறது, மூன்று அடுக்காக.

முதல் அடுக்கு: சேர்ப்பது என்பதை ஆர் எப்படிச் செய்கிறது என்பது. ஏழு ஆண்டுகள் இருக்கிற பட்டியலின் வாலில் எட்டாவதை ஒட்டவைக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆர் அப்படிச் செய்வதில்லை. எட்டு ஆண்டுக்கும் போதுமான புது இடம் ஒன்றை முதலில் கேட்கிறது. கிடைத்ததும் பழைய ஏழையும் அங்கே நகலெடுத்து, எட்டாவதையும் வைத்து, அதன் பிறகுதான் பழையதை விடுகிறது. எனவே அந்த ஒரு நொடியில் பழைய பட்டியல் 340 எம்பி, புதியது 388, அப்போதுதான் படித்த 1908-ஆம் ஆண்டு தனியாக 48 சொச்சம், எல்லாம் ஒரே நேரத்தில் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். கூட்டினால் 776 எம்பி. ஏற்கெனவே விண்டோஸும் வைரஸ் தடுப்பானும் கணிசமாகப் பிடித்துக்கொண்டிருக்கிற கணினியில் இது பெரிய தொகை.

இரண்டாவது அடுக்கு, தொடர்ச்சி. இந்த 388 எம்பியும் இடைவெளி இல்லாமல் ஒரே துண்டாக வேண்டும். அங்கே 100, இங்கே 150 என்று சிதறிக் கிடக்கிற இடம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. நீங்கள் ஆண்டு ஆண்டாகச் சேர்த்தபோது ஒவ்வொரு முறையும் பழைய பட்டியல் இருந்த இடம் காலியாகிக்கொண்டே வந்தது. ஆனால் அடுத்த பட்டியல் முந்தையதைவிடப் பெரியது. எனவே அந்தப் பழைய பள்ளத்தில் அது உட்காராது. இப்படி ஏழு முறை ஆனபோது நினைவகம் துண்டு துண்டாகிவிட்டது. அந்தப் பிழைச் செய்தியும் 'மொத்தமாக இடமே இல்லை' என்று சொல்லவில்லை. 'இந்த அளவில் ஒரே துண்டு கிடைக்கவில்லை' என்றுதான் சொல்கிறது.

மூன்றாவது, 32 பிட். ஒரு நிரல் நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி எண் கொடுத்துத்தான் தேடி எடுக்கும். 32 பிட்டில் எழுத முடிந்த முகவரிகள் மொத்தம் 4 ஜிபிக்குத்தான் வரும். அதிலும் 32 பிட் விண்டோஸ் தனக்கென்று பாதியை ஒதுக்கிக்கொண்டு, ஒரு நிரலுக்கு வழக்கமாக 2 ஜிபிதான் விடும். அந்த 2 ஜிபிக்குள் ஆரின் சொந்தத் துணைக் கோப்புகளும் அங்கங்கே உட்கார்ந்திருக்கும். ஆகவே கடைக்காரர் அடுத்தபடியாக "ரேம் கூடுதலா போடலாம்" என்றால் உடனே பணத்தை எடுத்துவிடாதீர்கள். இந்த விண்டோஸை வைத்துக்கொண்டு 4 ஜிபி போட்டாலும் கணினி மூன்று ஜிபி சொச்சத்தைத்தான் பயன்படுத்தும். ஒரு நிரலுக்கான 2 ஜிபி உச்சவரம்பு அப்படியே இருக்கும். புதிய ஆர் ஏறாததற்கும் இதே 32 பிட்தான் காரணம். 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பிலிருந்து விண்டோஸுக்கான 32 பிட் ஆரை நிறுத்திவிட்டார்கள். 4.1.3 தான் கடைசி. உங்கள் மகன் சரியாகவே தேடியிருக்கிறார்.

சில சமயம் பிழைச் செய்தி வராமல், கணினி அசையாமல் உட்கார்ந்துகொண்டு, ஹார்ட் டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருக்கும். அதையும் பார்த்திருப்பீர்கள். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் அதிலிருந்து கொஞ்சத்தை வட்டுக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. இதை ஸ்வாப், அதாவது இடமாற்றம் என்பார்கள். சுழலும் வட்டில் ஓர் இடத்தைத் தேடி எடுக்க ஆகும் நேரம் ரேமைவிடச் சுமார் ஒரு லட்சம் மடங்கு. கணினி செத்துவிடவில்லை, போக்குவரத்திலேயே பொழுது போகிறது. ஒரு எஸ்எஸ்டி வட்டு மாற்றினால் இந்தத் தவிப்பு வெகுவாகக் குறையும். பழைய மடிக்கணினிக்குச் செய்கிற செலவில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பது என் கருத்து. ஆனால் உங்கள் கணக்குக்கு அதுவும் தேவைப்படாது.

ஏனென்றால், டீச்சர், உங்களுக்கு வேண்டியது அழகர்கோவில் மழை. நீங்கள் வாசிக்கச் சொன்னது காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை, போதாததற்குக் கடலையும் சேர்த்து. 17,415 கட்டத்தில் உங்களுக்கு வேண்டியது ஒன்று. 1901 முதல் 2020 வரை முழுவதையும் ஆரில் ஏற்றினால் 5.7 ஜிபி அளவு. இன்றைக்குக் கடையில் விற்கிற 8 ஜிபி மடிக்கணினிகூட மூச்சு வாங்கும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்தால் 43,830 எண்கள்; பிடிக்கும் இடம் 342 கேபி. கைப்பேசியில் எடுக்கிற ஒரு புகைப்படம் அதைவிடப் பெரியது.

அந்தக் கட்டம் எது என்பதைச் சேர்ந்து பார்ப்போம். புவியியல் ஆசிரியைக்கு இது பிடிக்கும். அழகர்கோவில் ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 10.07, கிழக்குத் தீர்க்கரேகை 78.21. தரவின் கட்டங்கள் தெற்கே 6.5 டிகிரியிலும் மேற்கே 66.5 டிகிரியிலும் தொடங்கி, கால் டிகிரியாக ஏறும். உங்களுக்கு மிக அருகில் இருக்கும் புள்ளி 10.0, 78.25. தெற்கிலிருந்து எண்ணினால் 15-ஆவது வரிசை. மேற்கிலிருந்து எண்ணினால் 48-ஆவது கட்டம். கோப்பில் எண்கள் தெற்கு வரிசையில் தொடங்கி, ஒவ்வொரு வரிசையும் மேற்கிலிருந்து கிழக்காக எழுதப்பட்டிருக்கின்றன. முதல் 14 வரிசைகளைத் தாண்ட 14 × 135 = 1,890 எண்; அதன்மேல் 48. ஆக, ஒவ்வொரு நாளிலும் 1,938-ஆவது எண் உங்களுடையது.

இனிச் செய்முறை. 'நியூமெரிக்' என்ற கட்டளையால் 43,830 இடமுள்ள காலிப் பட்டியல் ஒன்றை முதலிலேயே உண்டாக்கிவிடுங்கள். வாலில் ஒட்டவைக்கும் வேலையே வேண்டாம். இடம் முன்கூட்டியே தயார், எண்ணை அதில் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான். பிறகு 1901 கோப்பைத் திறந்து, 'ரீட்பின்' கட்டளையால் ஒரு நாளைக்குரிய 17,415 எண்களை மட்டும் படியுங்கள். அளவு 4 பைட் என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் ஆர் எட்டெட்டாகப் படித்துக் குப்பையான எண்களைக் கொடுக்கும். அந்த 17,415-ல் 1,938-ஆவதைப் பட்டியலில் போட்டுவிட்டு, அதே பெயரில் அடுத்த நாளைப் படியுங்கள். சாதாரண ஆண்டுக்கு 365 சுற்று, லீப் ஆண்டுக்கு 366. ஆண்டு முடிந்ததும் கோப்பை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்க வேண்டும். எந்த நேரத்திலும் நினைவகத்தில் ஒரு நாளைக்கு மேல் இருக்காது. அது 136 கேபி. 2 ஜிபி என்ன, அதில் நூறில் ஒரு பங்கு இடம் காலியாக இருந்தாலும் இந்தத் தரவுக்குப் போதும். கட்டளையை ஓடவிட்டு, காபி போட்டுக்கொண்டு வாருங்கள்.

லீப் ஆண்டில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். 1900 லீப் ஆண்டு இல்லை, 2000 லீப் ஆண்டு. நீங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுத்த விதிதான். உங்கள் தொடர் 1901-ல் தொடங்குவதால் நான்கால் வகுபடுவதெல்லாம் லீப் என்று தைரியமாக எழுதிவிடலாம்.

அடுத்தது, ஆரைத் திறக்கவே பல நிமிடம் ஆவது. மூடும்போது 'சேவ் வொர்க்ஸ்பேஸ் இமேஜ்?' என்று ஒரு கேள்வி கேட்கும். நல்ல பழக்கம் உள்ள யாரும் 'யெஸ்' என்றுதான் அழுத்துவார்கள். நீங்களும் அழுத்தியிருப்பீர்கள். அப்படி அழுத்தினால் அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்த அத்தனையையும் ஒரு கோப்பில் கட்டி வைத்துவிட்டு, அடுத்த முறை திறந்ததும் அவிழ்த்துப் பரப்பிவிடும். உங்கள் ஏழு ஆண்டு இந்திய மழை, 340 எம்பி, ஒவ்வொரு முறையும் உங்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன்மேல்தான் நீங்கள் புது வேலையை ஆரம்பிக்கிறீர்கள். அதனால் வேலை இன்னும் சீக்கிரம் நின்றுபோகிறது. டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில், பெயரே இல்லாமல் புள்ளிக்குப் பின் 'ஆர்டேட்டா' என்று மட்டும் ஒரு கோப்பு இருக்கும். அதை அழித்துவிடுங்கள். இனிமேல் அந்தக் கேள்விக்கு 'நோ'. கட்டளைகளைத் தனிக் கோப்பில் எழுதி வைத்திருந்தால் போதும். முடிவுகளை எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரவழைக்கலாம்.

தமிழ்ப் பெயர். 'அழகர்கோவில்' என்று கொடுத்தால் கோண அடைப்புக்குள் யு, கூட்டல் குறி, 0பி85 என்று தொடங்கியிருக்கும். அது பிழையில்லை, 'அ' என்ற எழுத்தின் யூனிகோடு எண் அதுதான். எழுத்தை ஆர் சரியாகவே வைத்திருக்கிறது, காட்டத்தான் தெரியவில்லை. 4.2-க்கு முந்தைய ஆர், விண்டோஸில் எதைக் காட்டுவதென்றாலும் அந்தக் கணினியின் பழைய 256 எழுத்து அட்டவணையை நம்பியிருந்தது. ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் அப்படி அட்டவணைகள் உண்டு; தமிழுக்கு விண்டோஸ் அப்படி ஒன்றை வைக்கவே இல்லை, தமிழ் நேராக யூனிகோடில்தான் நுழைந்தது. எழுத்துரு மாற்றிப் பயனில்லை. எளிய வழி, கணக்கு முடியும்வரை பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டு, முடிவை எக்செல்லுக்கு மாற்றிய பின் தமிழில் தலைப்பிடுவது.

இன்னொரு வழியும் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசின் எல்காட் நிறுவனம் மூலம் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. கணினி எழும்போது இரண்டில் எது என்று ஒரு பட்டியல் காட்டும். பெரும்பாலான வீடுகளில் அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். லினக்ஸ் நெடுங்காலமாக யூனிகோடில் இயங்குவது என்பதால் அங்கே ஓடும் ஆரில் தமிழ் தமிழாகவே தெரியும். உங்கள் புராசஸர் 64 பிட்டைத் தாங்கக்கூடியது என்றால் (விண்டோஸ் 32 பிட் என்பதால் புராசஸரும் அப்படித்தான் என்று பொருளில்லை), லூபுண்டு போன்ற இலகுவான 64 பிட் லினக்ஸைப் போட்டு, புதிய ஆரையே ஏற்றிக்கொள்ளலாம். மகனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பழைய கணினியில் வருகிற இன்னொரு கோளாறையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இன்னும் வந்திருக்காது. ஆர் தன் துணைத் தொகுப்புகளை இணையத்திலிருந்து இறக்க முயன்று, 'இணைப்புப் பாதுகாப்பானதல்ல' என்ற தொனியில் மறுக்கும். எல்லாரும் இணைய இணைப்பைத்தான் குற்றம் சொல்வார்கள். திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருக்கும். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டால் அணைக்கும்போதெல்லாம் தேதி பழையபடி போய்விடும். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் காட்டும். அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கணினி தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்றே அதற்குத் தோன்றும். பேட்டரியை மாற்றிவிட்டால் சரியாகிவிடும். அதோடு, விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் அந்தக் கணினியில் திறக்க வேண்டாம். கோப்புகளை வேறு கணினியில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுவாருங்கள்.

கணினி புதிதாக இருந்தால் எல்லாம் தீரும் என்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். வேளாண் ஆராய்ச்சியாளர்கள், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் பயன்படுத்திய எம்ஸ்டாட்-சி, இர்ரிஸ்டாட் போன்ற மென்பொருள்கள் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடவே ஓடாது; டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்துத்தான் ஓட்ட வேண்டும். டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் சில, கணினி அளவுக்கு மீறி வேகமாக இருப்பதாலேயே 'ரன்டைம் எரர் 200' என்று விழுந்ததும் உண்டு. உங்களுடையதைப் போன்ற 32 பிட் கணினிக்குச் சில இடங்களில் இன்னும் மவுசு இருக்கிறது.

இப்போது மைனஸ் மழை. இதில் கணினிக்கும் ஆருக்கும் பங்கே இல்லை. தரவின் 135-க்கு 129 கட்டச் செவ்வகத்தில், பத்துக் கட்டத்தில் ஏழுக்கு மேல் இந்தியாவுக்கு வெளியே விழுகிறது: வங்காள விரிகுடா, அரபிக் கடல், திபெத். அங்கெல்லாம் தரவு இல்லை என்பதைக் காட்ட -999 என்று நிரப்பியிருக்கிறார்கள். இதைக் குறியீட்டெண் என்பார்கள். இல்லாததைச் சொல்ல வைத்த அடையாளம். நீங்கள் அதையும் மழையாகக் கூட்டிச் சராசரி போட்டுவிட்டீர்கள். நல்லவேளை, -999 என்று வைத்தார்கள். விடை அபத்தமாக வந்ததால் உங்களுக்கு உறைத்தது. பூஜ்யம் வைத்திருந்தால் கடலில் மழையே இல்லை என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பேசாமல் அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். உங்கள் கட்டம் நாட்டுக்குள் இருக்கிறது. அதில் -999 வரக்கூடாது. வந்தால் கட்ட எண்ணைத் தவறாக எண்ணியிருக்கிறீர்கள் என்று பொருள், திரும்ப எண்ணுங்கள். எதற்கும் கணக்குக்கு முன்னால் -999 எல்லாவற்றையும் 'என்ஏ' (இல்லை என்பதற்கான ஆரின் குறி) என்று மாற்றிவிடுவது நல்லது.

கணக்கு வந்தபின் அதை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கால் டிகிரி என்பது பக்கத்துக்கு 27 கிலோமீட்டர் சொச்சம். உங்கள் கட்டத்தில் அழகர்மலை, மேலூர், ஒத்தக்கடை எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. மீனாட்சியம்மன் கோவிலோ அரை கிலோமீட்டர் சொச்ச வித்தியாசத்தில் மேற்குப் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. அழகர் ஆற்றில் இறங்க வரும்போது கட்ட எல்லைக்கு வந்துவிடுகிறார். இந்தத் தரவு மழைமானி வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் அளந்ததல்ல. நாடு முழுவதும் 6,955 நிலையங்களின் பதிவுகளிலிருந்து, அருகில் இருப்பதற்கு அதிக மதிப்பு, தூரத்தில் இருப்பதற்குக் குறைந்த மதிப்பு என்று கணித்துக் கட்டங்களை நிரப்பினார்கள். எல்லா நிலையமும் எல்லா ஆண்டும் இயங்கியதும் இல்லை. ஆகவே மலைமேல் கூடுதலாகப் பெய்வது சமவெளியோடு கலந்து மழுங்கியிருக்கும். ஒரு நாள் மழையை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவ மொத்தத்தை ஆண்டுதோறும் கூட்டி, முப்பது முப்பது ஆண்டாகச் சேர்த்து ஒப்பிடுங்கள். நூபுர கங்கை வற்றாததற்கு இந்தக் கணக்கு விடை சொல்லாது. ஊற்று என்பது பாறைக்குள் தேங்கிய நீரின் கதை, அது வேறு பாடம்.

முடிவு எப்படி வந்தாலும், உள்ளூர் மழைமானிப் பதிவோடு ஒருமுறை உரசிப் பார்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் மதுரைப் பதிப்பு நாளிதழ்களில் கள்ளந்திரி, மேலூர், தனியாமங்கலம் என்று இடவாரியாக மழை அளவு போடுவார்கள். உங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது கள்ளந்திரி. அந்த எண்களைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவர, கணினியே தேவையில்லை.